மூடாத டிஸ்க்

தோட்டவெளி, மன்னார்
10.02.2014

அன்புத் தம்பி மில்ரனுக்கு,

மடு மாதாவின் புண்ணியத்தில் அக்கா இருக்கிறேன். உன் சுகத்தைக் கேட்கலாம் என்றால் உன் போன் எந்த நேரமும் செத்துக் கிடக்கிறது. எடுத்தாலும் இரண்டு வார்த்தை, பிறகு "வேலை அக்கா, வைக்கிறன்." அதனால்தான் இந்தக் காலத்திலும் பேனை பிடிக்கிறேன்.

அம்மாவை நல்லபடியாக அனுப்பிவைத்தோம். வேதசாட்சிகள் கோயிலில் பூசை, பிறகு சேமக்காலையில் அடக்கம். பெடியன் இல்லாத குறை தெரியாமல் சனம் வந்தது. அப்பாவின் குழிக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. வாடைக்காற்று மண்ணை அள்ளி எல்லார் கண்ணிலும் போட்டதால், அழாதவர்களும் அழுத மாதிரித்தான் நின்றார்கள். நான் தையல் மெசினில் இருந்து எழும்பி ஓடினவள், அளவு நாடா கழுத்திலேயே கிடந்திருக்கிறது. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். வீடியோவிலும் அப்படியே விழுந்துவிட்டது. நீ சிரிப்பாய், சிரி.

கடைசிக் கிழமை முழுக்க அம்மாவின் வாயில் உன் பேர்தான். "அவன் எப்பிடி இருக்கிறான் எண்டு ஒருக்காப் போய்ப் பாக்கவேணும்" என்றார். "பெரிய வீடாம் அம்மா, யன்னலைத் திறந்தால் பூங்காவாம்" என்றேன். "நீ பாத்தனியோ?" என்று கேட்டார். நான் எங்கே பார்க்கிறது? ஒரு போட்டோகூட அனுப்பாத தம்பியை வைத்துக்கொண்டு.

செத்தவீட்டு டிஸ்க்கை இத்துடன் அனுப்புகிறேன். வீடியோ எடுத்தது அடம்பன் ஜெனோஜன். பதிகிற மெசினையும் முப்பத்தோராம் நாள் பூசை முடியும் மட்டும் எங்கள் வீட்டு ஹோலிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறான், செத்தவீட்டுக்கு அப்படி விடுவது அவன் வழக்கம். டிஸ்க்கை எடுக்கவேண்டாம் என்றும் ஏதோ சொன்னான். நீ அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் நான் ஏன் முப்பத்தொரு நாள் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும்? வழியில் ஒன்றும் வரக்கூடாதென்று மேலே மாதாவின் படம் ஒன்றும் ஒட்டியிருக்கிறேன்.

பார்த்துவிட்டு எழுது. அந்த இருமலுக்கு மருந்து எடு. நீ அவசரமாகப் போனை வைத்தாலும் இருமினது எனக்குக் கேட்டது.

உன் அக்கா,
அன்ரோனெற்


பாரிஸ்
25.02.2014

அன்பின் அக்காவுக்கு,

உங்கள் கடிதமும் டிஸ்க்கும் கிடைத்தன. கடிதத்தை எத்தனை முறை வாசித்தேனோ தெரியாது. டிஸ்க்தான் ஓடவில்லை.

என்னுடைய பிளேயரில் போட்டேன். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு "டிஸ்க் இல்லை" என்று எழுத்து வந்தது. கூட வேலை செய்கிறவனின் பிளேயரில் போட்டேன், அதுவும் அப்படியே. லாச்சப்பலில் கடை வைத்திருக்கிற சுகந்தன் தன் புதுப் பிளேயரில் போட்டுப் பார்த்துவிட்டு ஒரு பிரசங்கமே வைத்தார். கடையில் விற்கிற படங்களுக்கு நாட்டுக்கு நாடு ஒரு இலக்கம் இருக்குமாம், ஆனால் வீட்டில் பதிந்ததற்கு அது இல்லையாம். அங்கே எரித்துப் பதிந்த டிஸ்க் மங்கலாக இருந்தால் சில பிளேயரின் கண்ணுக்குத் தெரியாதாம். மாதாவின் படம் ஒட்டினதால் ஒரு பக்கம் இழுத்துச் சுற்றுகிறதாம். படத்தை மெதுவாக உரித்துச் செபப்புத்தகத்தில் வைத்திருக்கிறேன், கோபிக்காதீர்கள். உரித்த பிறகும் அதே கதைதான்.

ஒரு விசயம். கடைசியாக என் பிளேயரில் போட்டபோது தட்டு வெளியே வர மறுத்துவிட்டது. டிஸ்க் இல்லை என்று சொல்லிக்கொண்டே உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. வயரைப் பிடுங்கினால் நிற்கும், மாட்டினால் திரும்பத் தொடங்கும். சரி, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சில நாட்களுக்குப் பிறகு தானாகவே துப்பியது. தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல்காரனின் நெற்றி மாதிரிச் சுட்டது.

பேசாலை றெனால்ட் அண்ணா லீவில் ஊருக்கு வருகிறார். அவரிடம் டிஸ்க்கைக் கொடுத்துவிடுகிறேன். ஜெனோஜனிடம் காட்டி, ஓடுகிற மாதிரிச் செய்து அனுப்புங்கள். எனக்கு அம்மாவின் முகத்தை ஒருமுறை பார்த்தால் போதும்.

இங்கே எல்லாம் நல்லம். பூங்காவில் மரங்கள் இன்னும் தளிர்க்கவில்லை. இருமல் குளிரால் வந்தது.

தம்பி,
மில்ரன்


தோட்டவெளி
17.03.2014

தம்பி மில்ரன்,

றெனால்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்து தந்தான். அதற்குள் முப்பத்தொன்றுப் பூசையும் முடிந்துவிட்டது. உன்னைப் பற்றிக் கேட்டேன். "ஸ்டேசனில நிண்டு தந்தவன் அக்கா, குளிருக்கு முகத்தை மூடியிருந்தவன், வடிவாத் தெரியேல்லை" என்றான்.

ஜெனோஜன் வந்து தலையில் கை வைத்தான். "ஐயோ அக்கா, எடுக்கவேண்டாம் எண்டு சொன்னனானெல்லோ! உது இன்னும் மூடாத டிஸ்க். முப்பத்தொண்டுப் பூசையையும் அதிலயே ஏத்திப்போட்டுத்தான் நான் மூடுறனான். மூடினாத்தான் எது எங்க கிடக்கெண்டு துவக்கத்தில எழுதுப்படும். மற்றப் பிளேயருகள் முதல் அதைத்தான் தேடும். அது இல்லையெண்டால் வெறும் டிஸ்க் எண்டு துப்பிப்போடும். பதிஞ்ச மெசினுக்கு மட்டும்தான் தன்ர எழுத்துத் தெரியும்." குற்றம் என்னுடையதுதான்.

"மூடாட்டி இன்னும் ஏறுமோ?" என்று கேட்டேன். "இடம் இருக்கு மட்டும் ஏறும், ஆனால் பதியிற மெசின் வேணும். வெறும் பிளேயருக்குப் பாக்கத்தான் தெரியும், எழுதத் தெரியாது" என்றான்.

பிறகு மெசினில் போட்டோம். பூசை, ஊர்வலம், சேமக்காலை, மண் போடுவது, எல்லாம் இருந்தது. அதோடு முடியவேண்டும். முடியவில்லை தம்பி. நீலத் திரை கொஞ்சம் வந்து, பிறகு ஒரு அறை வந்தது.

சத்தம் இல்லை. யன்னல் இல்லாத அறை. நிலத்தில் ஒரு மெத்தை, கழுவாத தேத்தண்ணிக் கேத்தில், சுவரெல்லாம் ஈரம் பூத்திருந்தது. மெத்தையில் ஒருத்தன் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தான். முதுகு குலுங்கிக்கொண்டே இருந்தது. படம் வாசலில் இருந்து மெதுவாகக் கிட்டப் போனது. என் தோள் உயரத்தில்தான் போனது. ஒவ்வொரு அடிக்கும் இடப்பக்கம் சரிந்து நிமிர்ந்தது. ஜெனோஜன் பயந்துபோய், "இது கமெராக்காரன்ர நடை இல்லை அக்கா, ஆரோ முழங்கால் வருத்தக்காரர் நடக்கிற மாதிரிக் கிடக்கு" என்றான். அம்மாவுக்கு இடது முழங்கால் எப்படி என்று உனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது.

சுவரில் மடு மாதாவின் படம் ஒன்று தொங்கியது. கண்ணாடியில் குறுக்கே ஒரு வெடிப்பு. நீ போகிற அன்று அம்மா உன் பையில் வைத்த படம் அது. அந்த வெடிப்பு என் கை தவறி விழுந்தது.

மில்ரன், பூங்கா எங்கே? மெத்தையில் கிடக்கிறது யார்? மன்னார்க் கழுதைக்கும் உனக்கும் பிடிவாதத்தில் வித்தியாசம் இல்லை என்று எனக்குத் தெரியும். இந்த ஒரு முறை பொய் சொல்லாதே.

அக்கா


பாரிஸ்
31.03.2014

அக்கா,

அது நான்தான்.

பூங்கா இல்லை. யன்னலும் இல்லை. கட்டடத்தின் அடியில் ஒரு அறை. விசா அலுவல் தோற்றுப்போன பிறகு ஒளித்துத்தான் வேலை செய்தேன். மாரி தொடங்கியதில் இருந்து அதுவும் இல்லை. இருமலில் சில நேரம் இரத்தம் வருகிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் விலாசம் கேட்பார்கள், பிடித்து அனுப்பிவிடுவார்கள் என்று பயம். போனில் கதைத்தால் இருமி உங்களுக்குக் காட்டிக்கொடுத்துவிடுவேன் என்றுதான் எடுப்பதில்லை. நான் நல்லாக இருக்கிறேன் என்று அம்மா நினைக்கவேண்டும். அவ்வளவுதான் அக்கா, வேறு ஒன்றும் இல்லை.

ஆனால் உங்கள் கடிதத்தை வாசித்துப் பயப்படவில்லை. அழுதேன், பிறகு சிரித்தேன். பிளேயர் சுற்றிக்கொண்டிருந்த அந்த நாட்களில் இந்த அறையில் அம்மா முழங்காலுக்குப் பூசுகிற கோடாலித்தைலம் மணத்தது. மேல்வீட்டில் யாரோ பூசுகிறார்கள் என்று நினைத்தேன். மேல்வீட்டில் இருப்பது வெள்ளைக்காரர். அவர்களுக்கு ஏது கோடாலித்தைலம்? அம்மா வந்திருக்கிறார் அக்கா. "போய்ப் பாக்கவேணும்" என்று சொன்னதைச் செய்துவிட்டார்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த டிஸ்க்கை மூடவேண்டாம். அப்படியே திருப்பி அனுப்புங்கள். ஓடாவிட்டால் பரவாயில்லை, பிளேயரில் போட்டுவிட்டு நான் பக்கத்தில் படுத்திருப்பேன். இந்த அறைக்கு வேறு யாரும் வருவதில்லை.

மில்ரன்


தோட்டவெளி
உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த நாள், 21.04.2014

என் தங்கத் தம்பிக்கு,

பெரிய கிழமை முழுக்கக் கோயிலில் இருந்து உனக்காகத்தான் மன்றாடினேன். உன்னை ஏசுவதற்கு நிறைய எழுதிக் கிழித்துவிட்டேன்.

டிஸ்க்கை அனுப்பமாட்டேன். அம்மா உன்னைப் பார்த்துவிட்டார், போதும். செத்தவர்கள் ஒருக்கா வந்தால் பாசம், திரும்பத் திரும்ப வந்தால் அது வேறு. ஊரில் கிழடுகள் சொல்வதை நான் இவ்வளவு நாளும் நம்பினவள் இல்லை. இப்போது நம்புகிறேன்.

நீ முகத்தைப் பார்க்கவேண்டும் என்றபடியால் ஜெனோஜனிடம் சொல்லி ஒரு கொப்பி அடித்தேன். செத்தவீடு மட்டும்தான் அதில் இருக்கிறது, அறை இல்லை. என் கண் முன்னால் மூடித் தந்தான். இனி எந்தப் பிளேயரிலும் ஓடும். "மூடின டிஸ்கில இனி ஒண்டும் ஏறாது, ஒண்டும் மாறாது அக்கா, அது முடிஞ்ச கதை" என்றான். நானும் இரண்டு தரம் போட்டுப் பார்த்தேன். பெட்டியின் தலைமாட்டில் நான் நாடாவோடு நிற்கிறேன். குழிக்கு அந்தப் பக்கம் தோண்டின மண் குவியல் மட்டும்தான், ஆள் நிற்க இடமில்லை. சுத்தமான டிஸ்க்.

றெனால்ட் நாளைக்குப் புறப்படுகிறான். அவனிடம் தந்துவிடுகிறேன். அங்கே விசா இல்லாதவர்களுக்கும் மருந்து கொடுக்கிறார்களாம், அவன் சொன்னான். பிடித்து அனுப்பினால் அனுப்பட்டும். உன் அறை இங்கே அப்படியே கிடக்கிறது. யன்னலும் இருக்கிறது. வெளியே கழுதை நிற்கும், அதுதான் பூங்கா.

டொக்டரிடம் போ. நான் கேட்கிறது இது ஒன்றுதான்.

அக்கா


பாரிஸ்
04.05.2014

அன்பின் அக்கா,

ஓடியது! போட்டவுடனே ஓடியது. அம்மாவின் முகம் எவ்வளவு சின்னதாகிவிட்டது. அந்த நீலக் கரை சேலையை நீங்களா கட்டிவிட்டீர்கள்? உங்கள் கழுத்தில் நாடாவைப் பார்த்துச் சிரித்தேன், நீங்கள் சொன்ன மாதிரியே.

பிறகு சேமக்காலை வந்தது. குழிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் நிற்கிறார்களே அக்கா, நீங்கள் மண் குவியல்தான் என்று எழுதியிருந்தீர்கள். வரிசையாக, நெருக்கமாக நிற்கிறார்கள். பலர் தலை குனிந்திருக்கிறார்கள், முகம் தெரியவில்லை. நடுவில் நான் நிற்கிறேன். வெள்ளைச் சேட்டு. குனிந்து ஒரு பிடி மண் எடுத்து அம்மாவுக்குப் போடுகிறேன். எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? செத்தவீட்டுக்கு வராத மகன் என்று இனி யாரும் சொல்லமுடியாது.

எனக்கு வலப்பக்கம் ஒரு உயரமான மனிதர் என் தோளில் கை வைத்திருக்கிறார். அந்தக் கையில் சுட்டுவிரல் பாதிதான் இருக்கிறது. இடப்பக்கம் ஒரு சின்னப் பிள்ளை, கோயிலில் முதல்நன்மை வாங்கப் போடுகிற வெள்ளைச் சட்டை, தலையில் நெற் முக்காடு. என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். யார் இவர்கள்? நல்ல முகங்கள். முந்தி எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது.

ஒரு சந்தோசமான செய்தி. இருமல் நின்றுவிட்டது. பசியும் இல்லை, நோவும் இல்லை. நாள் முழுக்க நல்ல நித்திரை. இனி டொக்டர் எதற்கு? தைல மணம் இப்போது எந்த நேரமும் இருக்கிறது.

மில்ரன்


தோட்டவெளி
14.05.2014

மில்ரன், என் பிள்ளை,

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்கு முதல் றெனால்ட் உன் கதவைத் தட்டியிருப்பான். உறையில் இருந்த விலாசத்தைப் போனில் அவனுக்குச் சொல்லிவிட்டேன். திறக்காவிட்டால் உடை என்றும் சொன்னேன். நீ கோபிப்பாய். கோபி. கோபிக்கிறதுக்கு உயிர் வேண்டும்.

அரைச் சுட்டுவிரல் சந்தியா பெரியப்பா. வலை இழுக்கிறபோது கயிறு வெட்டியது. நீ பால் குடிக்கிற காலத்தில் தொழிலுக்குப் போனவர், வள்ளமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. அந்தச் சின்னப் பிள்ளை பிலோமினா, எனக்கு நேரே இளையவள். முதல்நன்மை எடுத்த கிழமையே காய்ச்சலில் போனாள். அந்தச் சட்டையோடுதான் அடக்கினோம். நீ பிறக்க முந்தி. அவளுக்கு ஒரு போட்டோகூட இல்லை மில்ரன், நீ எங்கே பார்த்திருப்பாய்?

அந்தப் பக்கம் நிற்கிறவர்களில் உயிரோடு இருக்கிறவர் ஒருவரும் இல்லை, உன்னைத் தவிர. அம்மா உன்னைப் பார்க்க வரவில்லையடா, கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறார்.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு நான் நேரே சேமக்காலைக்குப் போனேன். வெய்யில் கொளுத்துகிற மத்தியானம், ஒரு காக்கைகூட இல்லை. குழியடியில் நின்று அம்மாவை நல்லா ஏசினேன். "பெத்தது நீங்கள். நீங்கள் மீன் விக்கப் போக, அவனை இடுப்பில வச்சு வளத்தது நான். அவனில கை வைக்காதைங்கோ. தனிய இருக்கேலாதெண்டால் என்னைக் கூப்பிடுங்கோ, நான் வாறன். எனக்கு இஞ்ச ஆரிருக்கினம்?" என்று கத்தினேன். கத்தி முடிய எனக்கே வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் பின்னேரம் சட்டை தைத்தேன்.

இங்கே இருந்த டிஸ்க்கையும் ஜெனோஜனைக் கொண்டு மூடிவிட்டேன். மூடின டிஸ்கில் ஒன்றும் ஏறாது, ஒன்றும் மாறாது. நீ பார்த்தது காய்ச்சலில் கண்ட கனவு என்று வைத்துக்கொள்வோம். உன்னிடம் இருப்பதை இனிப் போடாதே. முறித்து எறி.

உயிரோடு இரு. மற்றதை அக்கா பார்த்துக்கொள்கிறேன்.

அன்ரோனெற்


பாரிஸ், ஆஸ்பத்திரி
23.06.2014

அன்புள்ள அக்காவுக்கு,

இது ஆஸ்பத்திரியில் இருந்து நான் எழுதுகிற மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் கிடைக்கவில்லையோ?

அவற்றில் எழுதியதையே திரும்ப எழுதுகிறேன். றெனால்ட் அண்ணா கதவை உடைத்துத்தான் என்னைத் தூக்கினாராம். எனக்கு ஒன்றும் தெரியாது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் முடிந்திருக்கும் என்று டொக்டர் சொன்னார். நெஞ்சில் சயரோகம். மருந்து நீளத்துக்குக் குடிக்கவேண்டும், ஆனால் நோய் மாறிவிடுமாம். விசாவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் யன்னல் இருக்கிறது அக்கா. உண்மையாகவே மரங்கள் தெரிகின்றன. நல்லாகச் சாப்பிடுகிறேன். இருமல் திரும்ப வந்துவிட்டது, அது நல்லதாம்.

இந்த முறை வேறு ஒன்றும் எழுதவேண்டியிருக்கிறது.

நேற்று றெனால்ட் அண்ணா அறையில் இருந்த என் சாமான்களைக் கொண்டுவந்தார். பிளேயரும், அதற்குள்ளே டிஸ்க்கும். முறித்து எறியச் சொல்லித்தான் எழுதியிருந்தீர்கள். எறிவதற்கு முதல் அம்மாவின் முகத்தை ஒருமுறை பார்ப்போம் என்று இங்கேயுள்ள ரீவியில் மாட்டினேன். பட்டப்பகல், றெனால்ட் அண்ணா பக்கத்தில் இருந்தார்.

குழிக்கு அந்தப் பக்கம் நான் இல்லை. பெரியப்பா நிற்கிறார். பிலோமினா நிற்கிறாள். இரண்டு பேருக்கும் நடுவில் வேறு ஒருவர் நிற்கிறார். கறுப்புச் சேலை. கழுத்தில் அளவு நாடா. பிலோமினா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துச் சிரிக்கிறாள். பெட்டியின் தலைமாட்டில் நீங்கள் நின்ற இடத்தில் ஒருவரும் இல்லை. பின்னுக்கு நிற்கிற சனம் அதனூடாகத் தெரிகிறது.

"றெனால்ட் அண்ணா, உங்களுக்கும் தெரியுதோ?" என்று கேட்டேன். அவர் எழும்பிப் போய் ஊருக்குப் போன் எடுத்தார். உங்கள் போன் அடிக்கிறது, எடுக்கிறார்கள் இல்லை. இன்றைக்கும் எடுத்தார். அடிக்கிறது.

மூடின டிஸ்கில் ஒன்றும் மாறாது என்று எழுதியது நீங்கள்தானே அக்கா. அந்தக் கடிதம் என் தலையணைக்குக் கீழே இருக்கிறது. "மற்றதை அக்கா பார்த்துக்கொள்கிறேன்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். எதைப் பார்த்துக்கொள்கிறீர்கள்? நான் உங்களிடம் அப்படிக் கேட்டேனா?

நான் ஊருக்கு வருகிறேன். மருந்து முடிந்தவுடன் என்னை அனுப்பிவிடச் சொல்லி நானே கேட்கப்போகிறேன். என் அறை யன்னலைத் திறந்து வையுங்கள். கழுதையையும் நிற்பாட்டி வையுங்கள். இனி ஒரு பொய்யும் சொல்லமாட்டேன், டிஸ்க்கை முறிக்காமல் போட்டுப் பார்த்ததற்கு அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

ஒரு வரி எழுதுங்கோ அக்கா. ஏசியாவது எழுதுங்கோ.

உங்கள் தம்பி,
மில்ரன்